3-ஆவது யார்டிலிருந்து 33-க்கு: நம் தலைமைப் பயிற்சியாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நம் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் உங்கள் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு மடல் எழுதினேன். இரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது. என் ஆர்வத்துக்கு நன்றி என்று ஒரு வரி, கீழே அடுத்த சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க ஒரு சுட்டி. எப்படியும் யாரும் படிக்கப் போவதில்லை என்றால் எனக்கு வசதியான மொழியிலேயே எழுதிவிடலாம் என்று இந்த முறை தமிழுக்கு வந்துவிட்டேன். கோபத்தை மரியாதையோடு சொல்ல எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தப்பித் தவறி இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்துவிட்டால், நம் பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறையில் எந்த ஆய்வகக் கதவையாவது தட்டுங்கள். படித்துச் சொல்ல ஒரு தமிழ்ப் பிள்ளை உள்ளே இருக்கும்.

நானும் அப்படி வந்தவன்தான். 17 வருடம் ஆகிறது. எம்.எஸ். படிக்க வந்த முதல் மாதம், அறைத்தோழன் ஒருவன் இழுத்துக்கொண்டு போனதில் ஒட்டிக்கொண்டது இந்த வியாதி. இப்போது வேலை இரண்டரை மணி நேரத் தொலைவில் வேறு ஊரில். இருந்தாலும் வீட்டு ஆட்டம் எதையும் விடுவதில்லை.

சனிக்கிழமை ஆட்டத்தை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. மைதான ஓரத்தில் நின்று நீங்களே பார்த்தீர்கள். ஆனாலும் 41-ஆம் வரிசையிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று ஒரு தரம் கேளுங்கள்.

என் வலப்பக்கம் ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா. மங்கி கேப்புக்கு மேல் நம் அணியின் தொப்பி, இரண்டு கையிலும் குளிருக்குச் சூடு தரும் பொட்டலம். மன்னார்குடிப் பக்கத்தில் அந்தக் காலத்தில் கபடி ஆடியவர். இடப்பக்கம் என் மகள், வயது ஒன்பது. எல்லைக் கோட்டுக்குள் பந்தோடு போய்ச் சேரும் டச் டவுனை அவள் பார்த்ததைவிட, தவறு நடந்தால் நடுவர் வீசும் மஞ்சள் கொடியைப் பார்த்ததுதான் அதிகம். நடுவர் ஒலிபெருக்கியைத் திறக்கும் முன்பே சைகை காட்டிவிடுவாள். இரண்டு முன்னங்கையையும் உருட்டினால் ஃபால்ஸ் ஸ்டார்ட் (பந்து எடுக்கும் முன்பே அசைவது), மணிக்கட்டைப் பிடித்தால் ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து இழுப்பது), இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் ஒழுங்கீனம். இரண்டு கையையும் மேலே தூக்கும் டச் டவுன் சைகைக்குத்தான் அவளுக்கு அவ்வளவாகப் பயிற்சி இல்லை.

நாலாவது கால்பகுதி. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. 17-க்கு 13 என்று பின்தங்கியிருக்கிறோம். உதைத்து எடுக்கும் 3 புள்ளி ஃபீல்டு கோல் போதாது, 6 புள்ளி டச் டவுன் வேண்டும். பந்து எதிரணியின் 3-ஆவது யார்டில், எல்லைக் கோட்டுக்கு மூன்றே யார்டு. இரண்டாவது டவுன், அதாவது நாலு வாய்ப்பில் இரண்டாவது. மூன்று யார்டு என்றால் எங்கள் வீட்டுச் சோபாவின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான்.

முதல் கொடி. முன்வரிசையில் நிற்கும் இடது டாக்கிள் முந்திவிட்டார். 5 யார்டு பின்னால். பாப்பா கையை உருட்டினாள். பந்து 8-ல்.

அடுத்து பந்தைத் தூக்கி ஓடும் நம் ரன்னிங்பேக் ஓரமாக ஓடி உள்ளே போயே விட்டார். நான் அப்பாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அப்பாவின் தோளுக்கு மேலே பார்த்தால் பாப்பா தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஹோல்டிங். டச் டவுன் ரத்து, 10 யார்டு, பந்து 18-ல். அதோடு விட்டார்களா? விசில் ஊதி முடிந்த பிறகு பாஸ் பிடிக்கும் நம் ரிசீவர் ஒருவர் எதிராளியின் முகத்துக்கு நேரே போய் நின்று ஏதோ வசனம் பேச, இன்னொரு கொடி. 15 யார்டு. பந்து 33-ல். இன்னும் இரண்டாவது டவுன்தான்! எதிரணி விரலைக்கூட அசைக்காமல் நாமே நம்மை 30 யார்டு பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டோம்.

அப்பாவுக்கு நாலு டவுனுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டிய கணக்கெல்லாம் முதல் அரைமணி நேரத்திலேயே பிடிபட்டுவிட்டது. இந்த ஃபால்ஸ் ஸ்டார்ட் மட்டும்தான் கடைசிவரை புரியவில்லை. விதி புரிந்தது, காரணம் புரியவில்லை. "பந்தை எடுக்கிறவன் நம்ம ஆளு. எத்தனை எண்ணினதும் எடுக்கப் போறான்னு தெரிஞ்சவனும் நம்ம ஆளு. எதிரிக்குத்தான் தெரியாது. அப்புறம் ஏண்டா நம்ம ஆளே முந்துறான்?"

17 வருடமாகப் பார்க்கிறேன், எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

வெளியூர் ஆட்டம் என்றால் கூட்டத்தின் இரைச்சல் என்று சொல்லலாம். இது நம் சொந்த மைதானம். பாஸ் எறியும் நம் குவார்ட்டர்பேக் பந்துக்குப் பின்னால் வந்து நின்றால் மொத்தக் கூட்டமும் கோயிலில் நிற்பதுபோல வாயை மூடிக்கொள்கிறது. பக்கத்தில் யாராவது தும்மினால்கூட முறைக்கிறோம். அந்த அமைதியில் ஒரே ஆட்டத்தில் ஐந்து ஃபால்ஸ் ஸ்டார்ட். போதாக்குறைக்கு, நேரத்துக்குள் பந்தை எடுக்காததற்கு ஒரு டிலே ஆஃப் கேம் வேறு. 2024 முதல் உங்களுக்கு ஹெல்மெட்டுக்குள் ரேடியோ கொடுத்திருக்கிறார்கள். கையை ஆட்டிப் பலகையைக் காட்டிய காலம் போய், பயிற்சியாளர் நேராக ஆட்டக்காரரின் காதிலேயே பேசலாம். பந்தை எடுக்கக் கிடைக்கும் 40 வினாடிக் கடிகாரத்தில் 15 வினாடி இருக்கும்போதுதான் தொடர்பு அறும். 40 வினாடியில் 25 வினாடி பேசக் கிடைத்தும் பந்தை எடுக்க நேரம் போதவில்லை என்றால், அங்கே என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்கள், குசலம் விசாரிக்கிறீர்களா?

மன்னிக்கவும். மரியாதையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பந்து எடுக்கும் முன்போ, விசில் ஊதிய பின்போ நம் ஆட்டக்காரர் கொடி வாங்கினால், அடுத்த டிரைவில், அதாவது நமக்கு அடுத்துப் பந்து கிடைக்கும் சுற்றில், அவரைப் பெஞ்சில் உட்கார வையுங்கள். அவர் யாராக இருந்தாலும் சரி.

ஆட்டம் நடக்கும்போது விழும் கொடிகளைப் பற்றி நான் பேசவில்லை. 140 கிலோ ஆள் ஒருவன் பாய்ந்து வரும்போது சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டால், சரி, தன் குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்றத்தானே செய்தான் என்று விட்டுவிடலாம். முன்பும் பின்பும் விழும் கொடிக்கு அப்படி ஒரு சமாதானம் கிடையாது. அது பழக்கம். பழக்கத்தைச் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில்தான் மாற்ற முடியும், சனிக்கிழமைப் பத்திரிகையாளர் சந்திப்பில் அல்ல. "எங்களை நாங்களே தோற்கடித்துக்கொண்டோம்" என்று இந்த வாரமும் சொன்னீர்கள். போன மாதம் சொன்னதும் அதேதான்.

இதன் விலை உங்களுக்குத் தெரியாததல்ல. 2019-இல் மிசிசிப்பியில், அந்த மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழக அணிகள் மோதும் எக் பௌல் ஆட்டம். ஓல் மிஸ் அணியின் ரிசீவர் 4 வினாடி மிச்சம் இருக்கும்போது டச் டவுன் பிடித்தார். அதற்குப் பின் உதைத்து ஒரு புள்ளி எடுத்தால் சமன். மகிழ்ச்சியில் நாய் காலைத் தூக்குவதுபோல நடித்துக் காட்டினார். 15 யார்டு தண்டனை. பின்னால் போன அந்த உதை தவறியது, 21-க்கு 20 என்று தோற்றார்கள். சில நாட்களிலேயே பயிற்சியாளருக்கும் வேலை போயிற்று. அடுத்த வருடம் டிசம்பரில் ஃபுளோரிடா அணி எல்.எஸ்.யு.வை (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி) மூன்றாவது டவுனில் நிறுத்தியே விட்டது. ஆனால் ஒரு ஆட்டக்காரர் எதிராளியின் காலிலிருந்து கழன்ற ஷூவை எடுத்து வீசினார். 15 யார்டு. உயிர் வந்த எல்.எஸ்.யு. 57 யார்டு ஃபீல்டு கோல் அடித்து 37-க்கு 34 என்று ஜெயித்தது. ஒரு ஷூ, ஐயா.

இனி அஃபென்ஸ், அதாவது பந்து நம்மிடம் இருக்கும்போது நாம் ஆடும் ஆட்டம். இது வேறு புகார் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் ஒன்றுதான். முதல் டவுனில் ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட் விழுந்தால் 10 யார்டு 15 ஆகிறது. உடனே அதைத் திட்டமிடும் உங்கள் அஃபென்ஸ் கோஆர்டினேட்டருக்குப் பயம் வந்துவிடும். நடுவில் ஓட்டம், 2 யார்டு. மறுபடி நடுவில் ஓட்டம், 3 யார்டு. மூன்றாவதில், பந்து எடுத்த கோட்டுக்குப் பின்னால் நிற்பவருக்கே ஒரு ஸ்கிரீன் பாஸ், 6 யார்டு. அப்புறம் பண்ட், பந்தை எதிரணிக்கே உதைத்துக் கொடுத்துவிடுவது. இதை என் அப்பா மூன்றாவது டிரைவிலேயே கண்டுபிடித்துவிட்டார். "இப்போ நடுவுல போவான் பாரு" என்றார், போனார்கள். அன்றைக்குத்தான் முதல்முதலாக இந்த ஆட்டத்தைப் பார்க்கிறவருக்கே தெரிகிறதென்றால், வாரம் முழுக்க வீடியோ போட்டுப் பார்க்கும் எதிரணிப் பயிற்சியாளருக்குத் தெரியாதா?

அந்த 33-ஆவது யார்டில் என்ன செய்தீர்கள்? இரண்டாவது டவுன், போக வேண்டியது 33 யார்டு. நடுவில் ஓட்டம், 2 யார்டு. அப்புறம் ஸ்கிரீன், 4 யார்டு. நாலாவது டவுன், போக வேண்டியது 27 யார்டு, கடைசி வாய்ப்பு. எறிந்ததோ 5 யார்டு பாஸ். பிடித்த பையன் பிடித்த இடத்திலேயே விழுந்தான். மீதி 22 யார்டை யார் போவதாக ஏற்பாடு?

அயோவா பல்கலைக்கழக அணியைப் பார்த்து நாமெல்லாம் ஒரு காலத்தில் சிரித்தோம். 2022-இல் டச் டவுனே இல்லாமல், ஒரு ஃபீல்டு கோலும் இரண்டு சேஃப்டியும் (எதிராளியை அவர்கள் எல்லைக்குள்ளேயே மடக்கி எடுக்கும் 2 புள்ளி) எடுத்து 7-க்கு 3 என்று ஜெயித்தார்கள். மறுவருடம் அவர்களுடைய அஃபென்ஸ் கோஆர்டினேட்டரின் ஒப்பந்தத்திலேயே சராசரி 25 புள்ளி வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அதையும் கேலி செய்தோம். அவர்களாவது பண்ட் அடிப்பதை ஒரு கலையாக வைத்திருந்தார்கள், ஜெயிக்கவும் செய்தார்கள். நமக்கு அந்தப் பண்டும் ஒழுங்காகப் போவதில்லை.

ஆள் போதவில்லை என்றும் சொல்ல வேண்டாம். அமெரிக்க ராணுவக் கல்லூரியின் ஆர்மி அணிக்கு நம்மைப்போல் பெரிய ஆட்களும் கிடையாது, ஆள் பிடிக்கப் பணமும் கிடையாது. 2024-இல் 12 ஆட்டம் ஜெயித்துத் தங்கள் கான்ஃபரன்ஸ் (லீக்) பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பெரும்பாலும் பாஸே எறியாத அணி அது.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 முதல் பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேராகப் பணம் தரலாம், வருடத்துக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் வரை. நல்லது, வேர்வை சிந்துகிறவர்களுக்குப் போகட்டும். அதற்காக என் டிக்கெட் விலையும் ஏறியது, பார்க்கிங்கும் ஏறியது, வாரம் இரண்டு முறை நன்கொடை கேட்டு மின்னஞ்சல் வேறு. வாசலில் எங்கள் பை கண்ணாடிபோல் இருக்க வேண்டும், உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்கிறீர்கள். அப்பாவுக்குக் கட்டிக்கொண்டு போன இட்லிப் பொட்டலம் அங்கேயே குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. உங்கள் பயிற்சியை மட்டும் நாங்கள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. வாங்குகிறவனுக்குக் கண்ணாடிப் பை, விற்கிறவனுக்குக் கோட்டைச் சுவர்.

சரி, இட்லியைப் பற்றி எழுத நான் வரவில்லை.

ஆடுகிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயது. அந்த இடது டாக்கிள் கொடி விழுந்ததும் தன் ஹெல்மெட்டைத் தானே இரண்டு தட்டு தட்டிக்கொண்டதைப் பார்த்தேன். அவருக்கு வலிக்கிறது. யாரும் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "நிதானமாக இரு, அடுத்த டிரைவுக்கு வா" என்று சொல்லவில்லை. அடுத்த பந்துக்கு அவரே நின்றார். முகத்துக்கு நேரே வசனம் பேசிய ரிசீவரும் நின்றார். அந்த 5 யார்டு பாஸ் போனது அவரிடம்தான்.

கபடியில் அப்பா காலத்தில் ஒரு வழக்கம் இருந்ததாம். பாடி வருகிறவன் உள்ளே வரும்வரை பிடிக்கிற வரிசை காத்திருக்க வேண்டும். பொறுமை இழந்து முந்துகிறவனை அணித் தலைவரே வெளியே கூப்பிட்டு ஓரமாக நிற்க வைப்பாராம். நன்றாக ஆடுகிறவனாக இருந்தால் கொஞ்சம் கூடுதல் நேரம். "அவன் திரும்பி வரும்போது கால் தரையில இருக்கும்" என்றார்.

ஆகவே ஐயா, பணிவாகவே மறுபடி கேட்கிறேன். பந்து எடுக்கும் முன்போ விசிலுக்குப் பின்போ கொடி வாங்குகிறவரை ஒரே ஒரு டிரைவுக்குப் பெஞ்சில் உட்கார வையுங்கள். அதனால் ஒரு ஆட்டம் தோற்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன். அதே நடு ஓட்டத்தை எத்தனை முறை போட்டாலும் இந்த வருடம் பொறுத்துக்கொள்கிறேன். இது ஒன்றை மட்டும் செய்யுங்கள்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை நெடுக இருட்டு. பாப்பா தூங்கிவிட்டாள். வண்டியில் ஒரு மணி நேரம் பேசாமல் வந்த அப்பா திடீரென்று கேட்டார்: "அந்த ரெண்டு பையன்களையும் அடுத்த வாரம் உட்கார வைப்பாங்களாடா?"

தெரியவில்லை என்றேன். அப்பாவுக்கு ஊருக்குத் திரும்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு வீட்டு ஆட்டம் வருகிறது. மூன்று டிக்கெட் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வடக்கு மேடை, 41-ஆம் வரிசையிலிருந்து,
17 வருட ரசிகன்