நோரோமோ கட்சியிலிருந்து விலகிய அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறுகிறாள். பெரிய மாமா வந்துவிட்டுப் போனார். அதே பேச்சு, அதே கோபம், போகும்போது என் செருப்பைப் போட்டுக்கொண்டு போனது உட்பட. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

உன் மெசேஜ்களெல்லாம் வருகின்றன. 'பிஸி அப்பா, அப்புறம் பேசறேன்.' சரி. வேலை அப்படித்தான் இருக்கும். ராத்திரி ரொம்ப நேரம் கண்விழிக்காதே, அவ்வளவுதான் நான் சொல்வது.

எதற்கு எழுதுகிறேன் என்றால், அந்த அமெரிக்க டிவி தொடர் எக்ஸ் ஃபைல்ஸை மறுபடியும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தனியாகத்தான். பேய் என்றாலே உன் அம்மா எழுந்து போய்விடுவாள், உனக்குத் தெரியாதா. நீ விட்டுப்போன டிவிடிகள் நீ அடுக்கிய வரிசையிலேயே இருக்கின்றன. போன வாரம் ஏழாவது சீசன் முடிந்தது. அதில் ஒரு விஷயம் நடந்துவிட்டது, அதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது. நான் கட்சி மாறிவிட்டேன்.

பதினாறு வயதில் நீ எனக்கு எடுத்த வகுப்பு நினைவிருக்கிறதா? தொடரில் ஜோடியாகத் துப்பறியும் எஃப்பிஐ ஏஜெண்டுகள் மல்டரும் ஸ்கல்லியும் காதலர்களாகச் சேர வேண்டும் என்பவர்கள் ஷிப்பர்கள். வேண்டாம் என்பவர்கள் நோரோமோ. 'நோ ரொமான்ஸ்' என்பதன் சுருக்கம். இன்றைக்கு எந்தத் தொடருக்கும் எல்லோரும் சொல்கிற அந்த 'ஷிப்' என்ற சொல்லே, தொண்ணூறுகளில் இந்தத் தொடரின் ரசிகர்களிடமிருந்துதான் பரவியது என்று பெருமையாகச் சொன்னாய். நான் அன்றைக்கே நோரோமோவில் சேர்ந்துவிட்டேன். தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டரே என் கட்சிதான், அவரே இரண்டு பேருக்கும் காதல் வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தார் என்று உன்னை மடக்கினேன். நீ விடவில்லை. ஒரு நோட்டு போட்டாய்.

அந்த நோட்டு இங்கேதான் இருக்கிறது. இடது பக்கம் எபிசோடு. நடுவில், மல்டர் ஸ்கல்லியின் முதுகில் லேசாகக் கை வைத்து அவளைக் கதவுக்குள் முன்னால் அனுப்புவது எத்தனை தடவை என்று நீ போட்ட கோடுகள். ஐந்துக்கு ஒரு குறுக்குக்கோடு. வலது ஓரத்தில் 'அப்பா ஒப்புக்கொண்டவை' என்று தலைப்பு, கீழே பக்கம் பக்கமாக ஒன்றும் இல்லை. கணக்கு டீச்சர் உன்னைப் பற்றி 'கவனம் போதாது' என்று சொன்ன அதே வருஷம். அந்த டீச்சரிடம் இந்த நோட்டைக் காட்டியிருக்க வேண்டும்.

இப்போது பார்க்கும்போது முதல் எபிசோடே வேறு மாதிரி தெரிகிறது. 1993-இல் வந்தது. ஸ்கல்லியை எஃப்பிஐ மல்டரின் அடித்தள அறைக்கு அனுப்புவது, யாருக்கும் விளங்காத வழக்குகளில் அவன் செய்வதையெல்லாம் அறிவியலை வைத்துச் சோதித்து அறிக்கை கொடுக்கத்தான். சுற்றி வளைக்காமல் சொன்னால் வேவு பார்க்க. அவனுக்கும் அது தெரியும். அப்புறம் முதல் வழக்குக்காகப் போய்த் தங்கிய விடுதியில் மழை, கரண்ட் போய்விடுகிறது, அவள் மெழுகுவர்த்தியோடு அவன் அறைக் கதவைத் தட்டுகிறாள். இடுப்புக்கு மேலே தடிப்புகள். அந்த வழக்கில் செத்துப்போனவர்களின் உடம்பில் பார்த்த அதே குறியோ என்று பயம். அவன் குனிந்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கொசுக்கடி என்கிறான். அவள் நிம்மதியில் அவனைக் கட்டிக்கொள்கிறாள். வேறு எந்தத் தொடராக இருந்தாலும் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இங்கே அவள் கட்டிலில் படுத்திருக்கிறாள், அவன் தரையில் சாய்ந்து உட்கார்ந்து, தனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது எட்டு வயதுத் தங்கை காணாமல் போன கதையைச் சொல்கிறான். தன்னை வேவு பார்க்க வந்தவளிடம். 'பார்த்தியா, நட்புதான்' என்று அன்றைக்குச் சொன்னேன். 'அப்பா, கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க' என்றாய்.

துடைத்துவிட்டுப் பார்த்தேன், பாப்பா.

இரண்டாவது சீசனில் அவள் கடத்தப்பட்டுத் திரும்பி, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பாளே. அவளை அந்தக் கதிக்கு ஆளாக்கியவர்கள் இன்றிரவு உன் வீட்டுக்கு வருவார்கள், காத்திருந்து சுட்டுவிடு என்று மல்டருக்குத் துப்பு கிடைக்கிறது. துப்பாக்கியோடு இருட்டில் உட்கார்ந்திருக்கிறான். ஸ்கல்லியின் அக்கா வந்து அவளுடைய நிலைமை மோசமாகிறது என்கிறாள். அவன் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறான். திரும்பி வந்தால் வீடே கலைந்து கிடக்கிறது; வந்தவர்கள் வந்து போய்விட்டார்கள். அந்தக் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்து அழுகிறான். ஒரு மனிதன் தன் பழியை விட்டுவிட்டு இன்னொருத்தியின் கட்டில் பக்கத்தில் போய் உட்காருவதற்கு நான் அப்போது 'நட்பு' என்றுதான் பெயர் வைத்திருந்தேன். பெயரில் என்ன இருக்கிறது என்று வேறு சொன்னேன்.

பெயர் என்றதும் இன்னொன்று. எத்தனை சீசன் போனாலும் அவர்கள் மல்டர், ஸ்கல்லிதான். ஒரு ராத்திரி காரில் அவள் 'ஃபாக்ஸ்' என்று அவன் முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் சிரிக்கிறான். அப்பா அம்மாவையே மல்டர் என்றுதான் கூப்பிடச் சொன்னேன் என்கிறான். ஆனால் நடுராத்திரி போன் வந்தால் பெயர்கூட வேண்டாம். 'நான்தான்.' அவ்வளவுதான். நீயும் அப்படித்தான் போன் செய்வாய். 'அப்பா, நான்தான்.' உன் எண் திரையில் வருகிறதே, நீதான் என்று தெரியாதா என்று உன்னைக் கிண்டல் செய்ததுண்டு. செய்திருக்க வேண்டாம். கடைசியாக எப்போது என்று பார்த்தேன், நாலு மாதம் ஆகிறது. அம்மா பிறந்தநாளுக்கு நீ பேசிய இரண்டு நிமிடத்தை நான் சேர்க்கவில்லை. அதில் ஒன்றரை நிமிடம் அவள்தான் பேசினாள். நானும் வேலை பார்த்தவன்தான். எவ்வளவு வேலை இருந்தாலும் பாட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை பேசாமல் இருந்ததில்லை. சரி, விடு.

நாலாவது சீசனில் அவளுக்குப் புற்றுநோய் வரும்போது ஆஸ்பத்திரி நடைபாதையில் அவன் நெற்றியில் முத்தமிடுவது, ஐந்தாவதில் காட்டுக்குள் ராத்திரி மாட்டிக்கொண்டு, பாடவே வராத ஸ்கல்லி அவனுக்காகப் பாடுவது, 1998-இல் வந்த சினிமாவில் முத்தத்துக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது தேனீ வந்து கொட்டுவது, எல்லாவற்றுக்கும் உன் கோடுகள் இருக்கின்றன. அந்தத் தேனீக்கு நான் கைதட்டினேன், நீ தலையணையை என் மேல் எறிந்தாய். இந்தத் தடவை அந்தத் தேனீயை எனக்கே பிடிக்கவில்லை.

ஏழாவது சீசனில் 2000 பிறக்கிற ராத்திரி. அவன் கையில் கட்டு. ஆஸ்பத்திரி டிவியில் கூட்டம் ஆரவாரம் செய்கிறது, எல்லோரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள், இவனும் மெதுவாகக் குனிகிறான். அப்புறம், உலகம் அழிந்துவிடவில்லையே என்கிறான். இல்லை, அழியவில்லை என்கிறாள். ஏழு வருஷம் காத்திருந்ததற்கு அவ்வளவுதான். போதும் போதும் என்றிருக்கிறது எனக்கு. அதே சீசனில் ஸ்கல்லியாக நடித்த கில்லியன் ஆண்டர்சனே எழுதி இயக்கிய எபிசோடு, நீ பொக்கிஷம் என்பாயே, அதன் கடைசியில் அவள் பேசிக்கொண்டே சோபாவில் தூங்கிவிடுகிறாள். அவன் திரும்பிப் பார்க்கிறான், முகத்தில் விழுந்த முடியை ஒதுக்குகிறான், போர்வையை இழுத்துவிடுகிறான். நான் டிவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து 'என்ன ஆச்சு' என்றாள். கண்ணில் தூசி என்றேன்.

சரியாகச் சாப்பிடு. கண்விழிக்காதே என்று சொன்னேனா? சொன்னேன்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். மூன்று பக்கமாக அதைச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறேன், உனக்கும் இதற்குள் புரிந்திருக்கும்.

போன முறை நீ வந்திருந்தபோது ஆறாவது சீசனில் அந்த பேஸ்பால் எபிசோடு போட்டோம். மல்டராக நடித்த டேவிட் டுகாவ்னி எழுதி இயக்கியது. கடைசியில் ராத்திரி மைதானத்தில் மல்டர் ஸ்கல்லிக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறான், பின்னாலிருந்து இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. அவள் சிரிக்கிறாள். பந்து வானத்துக்குப் போய் நட்சத்திரமாகிறது. அப்போது நீ, 'அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்' என்றாய். நான் 'இரு இரு, இந்த சீனை முடிச்சுக்கலாம்' என்று ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

அந்த சீனில் ஒன்றும் கேட்பதற்கில்லை, பாப்பா. இருபது தடவை பார்த்தது. நீ என்ன சொல்ல வருகிறாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின ஒரு வருஷமாக உன் பேச்சில் ஒரு பெயர் வந்துகொண்டிருந்தது. முதலில் வேலையைப் பற்றிச் சொல்லும்போது, அப்புறம் மழையைப் பற்றிச் சொல்லும்போதுகூட. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே போனில் ஐந்து தடவை. நானும் உன் மாதிரி கோடு போட்டு எண்ணத்தான் செய்தேன். எண்ணிவிட்டுப் பேசாமல் இருந்தேன். யார், என்ன, எந்த ஊர் என்று நான் கேட்டால் நீ சொல்லிவிடுவாய், சொன்னால் நான் ஏதாவது பதில் சொல்ல வேண்டும், அதற்குப் பயந்தேன். சத்தத்தைக் கூட்டியதும் நீ திரையைப் பார்த்தாய், எபிசோடு முடிந்ததும் போய்ப் பெட்டியை அடுக்க ஆரம்பித்தாய். அன்றைக்குப் பிறகு அந்தப் பெயர் உன் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை.

அது இருக்கிறதா, முடிந்துவிட்டதா, எனக்குத் தெரியாது. முடிந்திருந்தால், அதை நீ தனியாக வைத்துக்கொண்டிருக்கிறாய். இருந்தால், அதையும் தனியாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறாய். எதுவாக இருந்தாலும் அதில் என் ரிமோட்டுக்குப் பங்கு உண்டு.

முதல் சீசனில் ஸ்கல்லியின் அப்பா செத்துப்போகிற எபிசோடு இருக்கிறதே, அதை இந்தத் தடவை இரண்டு முறை பார்த்தேன். மகள் டாக்டருக்குப் படித்துவிட்டு எஃப்பிஐயில் சேர்ந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. கடற்படைக்காரர், அதிகம் பேசமாட்டார். சாப்பிட்டுவிட்டுப் போன அன்று ராத்திரியே மாரடைப்பு. 'என்னை நினைத்து அவருக்குப் பெருமை இருந்ததா' என்று அவள் அம்மாவிடம் கேட்கிறாள். 'அவர் உன் அப்பா' என்று பதில் வருகிறது. கடைசியில் மல்டர் கேட்கும்போது அவளும் அதையேதான் சொல்கிறாள்: அவர் என் அப்பா. எவ்வளவு பெரிய வசனம் என்று உன்னிடம் அரைமணி நேரம் பேசியிருக்கிறேன். இப்போது எனக்கு அந்த மனிதர்மேல் கோபமாக வருகிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தையை உயிரோடிருக்கும்போதே சொல்லியிருந்தால், அந்தப் பெண், செத்தவர்களோடு பேசுவேன் என்கிற ஒரு மரணதண்டனைக் கைதியின் வாயில் தன் அப்பா வந்து பேசமாட்டாரா என்று தவித்திருக்க வேண்டியதில்லை.

ஆமாம், பாப்பா. இருந்தது, இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் யாராக இருந்தாலும், என்ன ஆகியிருந்தாலும்.

நோட்டில் 'அப்பா ஒப்புக்கொண்டவை'யின் கீழே இதுவரை பதினாலு கோடு போட்டிருக்கிறேன். பச்சை மை, உன் நீலத்தோடு கலக்கக் கூடாது என்று. எட்டாவது சீசனைத் தொடவில்லை. மல்டர் அதில் பல எபிசோடுகளில் இல்லை, தனியாகப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீ வரும்போது பார்க்கலாம், அல்லது போனிலேயே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போட்டுக்கொள்ளலாம், பத்து மணிக்குள் முடிகிற மாதிரி. ரிமோட்டை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

அவள் இப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்து, இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறீர்கள் என்றாள். தொடரைப் பற்றி என்றேன். உன் பெயரைச் சொல்லி, 'அவளுக்குத்தானே' என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

அன்புடன்,
அப்பா