டீசல் இன்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

காந்தி நகர், காட்பாடி
தை மாதக் கடைசி

அன்பு மகள் மலர்விழிக்கு அப்பா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது. அதை அவளே உன்னிடம் சொல்லிக்கொள்வாள். உங்கள் படகுக்காக நீ அனுப்பியிருந்த இன்ஜின் செலவு மதிப்பீட்டைத் தம்பியிடம் சொல்லி அச்செடுத்து, இரண்டு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

1976-இல் கட்டிய முப்பதடிப் பாய்மரப் படகு அது. இன்று உள்ளது உள்ளபடியே விற்றால் 14,000 டாலர் தேறும் என்று நீயே சொல்கிறாய். அதிலிருக்கும் பழைய பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டுப் புதிய டீசல் இன்ஜின் பொருத்துவதற்கு 18,000 டாலர் கேட்கிறார்கள். பொருத்திவிட்டுக் கோடையில் விற்றால் போட்ட பணம் திரும்பிவிடும் என்பது உன் கணக்கு. அது திரும்பாது பாப்பா. பாதி திரும்பினாலே பெரிய விஷயம்.

பதினான்காயிரம் வைத்துக்கொண்டு படகு தேடுகிறவனிடம் முப்பத்திரண்டாயிரம் இருக்காது. முப்பத்திரண்டாயிரம் வைத்திருக்கிறவனோ உன் படகுக்குப் பத்துப் பதினைந்து வருடம் பின்னால் பிறந்த படகைத் தேடிப் போவான். அதே கம்பெனி, அதே நீளம், அதே வயதுள்ள மற்றப் படகுகள் ஒண்டாரியோ ஏரிக்கரை நெடுகிலும் விற்பனைக்கு நிற்கும்போது, உன்னுடையதன் உச்சவரம்பு விலையை அவைதான் தீர்மானிக்கும். நம் பட்டறைக்கு வந்த டாட்டா 1210 லாரி உனக்கு நினைவிருக்கும். ராணிப்பேட்டைக்காரர் அதற்குப் புது பாடி கட்டி, இன்ஜின் சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, ஆறு டயரும் புதிதாக மாட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். வாங்க வந்தவர் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து வருடத்தைப் பார்த்த பிறகுதான் பானெட்டையே திறந்தார்.

படகிலிருக்கும் அந்தப் பழைய அட்டாமிக் ஃபோர் பெட்ரோல் இன்ஜினைப் பற்றி நீ அனுப்பியதையெல்லாம் படித்தேன். நான்கு சிலிண்டர், முப்பது குதிரைத்திறன், உற்பத்தி நின்று சுமார் நாற்பது வருடம் ஆகிறது; ஆனாலும் உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது, கார்புரேட்டரை நீயே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டி ஓட்டியும் காட்டினாய். அந்த வீடியோவை நான் பட்டறைப் பையன்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். ஓடுகிற இன்ஜினை எதற்காகக் கழற்ற வேண்டும்? பிளாட்டினம் பாயின்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடு, செலவு சில நூறு டாலரில் முடிந்துவிடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும். ஆகவே ஸ்டார்ட் செய்வதற்கு முன் நான்கு நிமிடம், ஆவியை வெளியேற்றும் புளோயர் விசிறியை ஓட்டும் வழக்கத்தை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதே. தனியாக ஏரிக்குள் போகிற நாட்களில் இன்னும் கவனம் வேண்டும். தனியாகத்தான் போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

மதிப்பீட்டுத் தாளிலும் குறை இருக்கிறது. இன்ஜின், பொருத்துக்கூலி, புகைபோக்கிக் குழாய் ஆகியவற்றை எழுதியவர்கள், தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் புரொப்பெல்லரை எழுதவில்லை. பழைய இன்ஜின் கியர் குறைப்பு இல்லாமல் நேராகப் புரொப்பெல்லர் தண்டைச் சுழற்றுவது, அதனால் அதற்குச் சிறிய புரொப்பெல்லர் போதும். டீசலுக்கு இடையில் குறைப்பு கியர் வரும், தண்டு மெதுவாகச் சுழலும், பெரிய புரொப்பெல்லர் இல்லாவிட்டால் படகுக்கு இழுவை இருக்காது. இன்ஜின் உட்காரும் மேடையையும் மாற்ற வேண்டியிருக்கும், பெட்ரோல் டேங்க்கைக் கழுவவோ மாற்றவோ வேண்டியிருக்கும். ஆக, 18,000 என்பது ஆரம்ப விலைதான்.

எனக்கு உண்மையில் கவலை தந்தது இன்ஜின் அல்ல. பனியில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டு, சுத்தியின் பிடியால் மேல்தளத்தைத் தட்டிக் காட்டினாயே, அதை மறுபடியும் போட்டுக் கேட்டேன். முன்பக்கம் முழுவதும் டக், டக் என்று ஓசை கெட்டியாக வருகிறது. பாய்மரத்தைத் தாண்டி இடப்பக்கக் கைப்பிடிக் கம்பியின் அடிக்கு வரும்போது ஓசை செத்துப்போகிறது. மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அப்படித்தான். இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா கட்டை வைத்துச் செய்த தளம் அது. கம்பியின் போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கிக் கட்டை ஊறியிருக்கிறது. வாங்குகிறவன் அழைத்து வரும் சர்வேயர், அதாவது படகைச் சோதித்து அறிக்கை தருகிறவர், முதலில் தட்டிப் பார்ப்பது அங்கேதான். இத்தனை பழைய படகுக்கு சர்வே அறிக்கை இல்லாமல் பெரும்பாலும் இன்சூரன்ஸ் தரமாட்டார்கள்; இன்சூரன்ஸ் இல்லாமல் பல படகுத்துறைகளில் நிறுத்தவும் விடமாட்டார்கள். புது டீசல் இன்ஜின் உள்ளே பளபளத்தாலும், ஈரத்தளம் என்று அறிக்கையில் ஒரு வரி வந்துவிட்டால் அந்தப் பேரம் அன்றோடு முடிந்தது.

ஆகவே பணத்தை அங்கே போடு. கம்பிகளைக் கழற்றி, ஊறிய கட்டையைச் சுரண்டி எடுத்து, காயவிட்டு, எபாக்சி பசை நிரப்பி, புதிதாக சீல் வைத்துத் திருகு. படகுக்கு அடியில் தொங்கும் கனமான கீலும் உடலும் சேருமிடத்தில் முன்புறம் விரிசல் இருக்கிறதா பார். தண்ணீருக்கு அடியில் இருக்கும் வால்வுகள் எல்லாம் திறந்து மூடுகின்றனவா பார். மெத்தை உறைகளைத் துவைத்துவிடு, உள்ளே பெட்ரோல் வாடையோ பூஞ்சை வாடையோ வந்தால் வருகிறவர் மனைவி படியிலேயே நின்றுவிடுவாள். புதிய ஜி.பி.எஸ். திரை வேண்டவே வேண்டாம், அதைப் போல விலை இறங்குகிற பொருள் வேறில்லை. நீ செய்த ஒவ்வொரு வேலைக்கும் தேதியும் ரசீதும் போட்டு ஒரு ஃபைல் வைத்திருக்கிறாயே, அதைத்தான் நீ முதலில் மேஜைமேல் வைக்க வேண்டும். எத்தனையோ முதலாளிகளிடம் இல்லாத ஒழுங்கு உன்னிடம் இருக்கிறது.

இவ்வளவும் விற்பதாக இருந்தால். இன்னும் பத்து வருடம் நீங்களே வைத்திருந்து ஓட்டுவதாக இருந்தால் கணக்கே வேறு. அப்போது டீசல் போடு என்று நானே சொல்வேன், தீப்பிடிக்கும் பயம் குறையும், போட்ட பணத்தை நீங்களே அனுபவித்துத் தீர்ப்பீர்கள். மாப்பிள்ளைதான் ஆசைப்பட்டு வாங்கிய படகு அது. நீங்கள் அனுப்பிய முதல் படத்தில் சுக்கான் பிடியைப் பிடித்துக்கொண்டு அவர்தான் நிற்கிறார். விற்கும் முடிவு எப்போது ஆனது, அவர் என்ன சொல்கிறார் என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பொங்கலன்றும் நீ மட்டும்தான் பேசினாய். அவர் தூங்குகிறார் என்றாய், அப்போது அங்கே காலை பத்து மணி.

இன்னொன்று கேட்க வேண்டும், இது வெறும் காகித விவகாரம்தான். படகின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது? இரண்டு பேர் பெயரில் என்றால் விற்பனைப் பத்திரத்தில் இரண்டு கையெழுத்தும் வேண்டுமே. வாங்க ஆள் வந்து நிற்கும் அன்று ஒரு கையெழுத்துக்காக அலையக் கூடாது. இதை இப்போதே சரிபார்த்து எனக்கு எழுது. வேறு ஏதாவது எழுத வேண்டியிருந்தாலும் அதே தாளில் எழுது, நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டாமல் வைத்துக்கொள்கிறேன்.

உனக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டு விற்கிறாய் என்றால் அதையும் சொல். திருவலம் மனையை வாங்க ஆட்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சித்திரை பிறந்து அங்கே படகுகளை ஏரியில் இறக்கும்போதுதான் வாங்குகிறவர்கள் வருவார்கள் என்றாய், அதற்குள் தளவேலையை முடிக்க உனக்கு நேரம் இருக்கிறது. டீசல் இன்ஜினுக்கு முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதே. கொடுத்திருந்தால் எவ்வளவு கொடுத்தாய் என்று மறைக்காமல் சொல், திரும்பப் பெற வழி இருக்கிறதா பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு, அங்கே காலையில், நான் அழைக்கிறேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் அவரிடமும் கொடு, இன்ஜினைப் பற்றி நானே அவரிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா