பூஞ்சை ஆர்வலர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன, சந்தா வந்து சேர்ந்தது, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை உண்மையிலேயே பிடித்து வைத்திருந்தது ஒரே ஒரு கேள்விதான்: மரத்தை மட்க வைக்கும் வெண்ணழுகல் பூஞ்சை, மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை உடைத்த பிறகு கையில் கிடைக்கும் துண்டுகளை என்ன செய்கிறது?

லிக்னின் மூலக்கூறு பெரியது, ஒழுங்கே இல்லாதது, செல்லுக்குள் நுழையவே நுழையாது. அதனால் பூஞ்சை நொதிகளை வெளியே அனுப்பித்தான் அதை உடைக்க வேண்டும். இவற்றில் லாக்கேஸ் 1883-இலேயே ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில் கண்டறியப்பட்டது, லிக்னின் பெராக்சிடேஸ் வெளிவந்ததோ 1983-இல்தான். செய்முறைக் கூட்டத்தில் லாக்கேஸ் பட்டால் நிறம் மாறும் குவாயகால் கலந்த அகார் (பூஞ்சை வளர்க்கும் கூழ்) தட்டில் ட்ராமெட்டஸ் வெர்சிகலர் என்ற வெண்ணழுகல் பூஞ்சையை வளர்த்தோமே, வெள்ளை இழைகளைச் சுற்றி அகார் செம்பழுப்பாக மாறியது நினைவிருக்கும். அந்த நிறம் லாக்கேஸின் வேலை, அதுவும் செல்லுக்கு வெளியே நடக்கும் வேலை.

அப்புறம்தான் சுவாரசியமே. உடைந்த துண்டுகளில் வனிலிக் அமிலம், பாரா ஹைட்ராக்சி பென்சாயிக் அமிலம் மாதிரியான, கார்பன் வளையம் கொண்ட அரோமாட்டிக் அமிலங்கள் இருக்கின்றன, இவற்றைச் செல்லுக்குள்ளே இருக்கும் வேறு நொதிகள் கவனிக்கின்றன. வனிலிக் அமிலத்தின் கார்பாக்சில் தொகுதி (COOH) கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுபோக, அந்த இடத்தில் ஒரு ஹைட்ராக்சில் (OH) ஏறி மெத்தாக்சி ஹைட்ரோகுவினோன் ஆகிறது. மெத்தாக்சியும் (OCH₃) மாறி மூன்று ஹைட்ராக்சில் உள்ள வளையம் கிடைத்ததும், டையாக்சிஜனேஸ் என்ற நொதி பக்கத்துப் பக்கத்து ஹைட்ராக்சில்களுக்கு நடுவே அந்த வளையத்தை வெட்டித் திறந்துவிடுகிறது. ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கருநிறப் பூஞ்சை, பாரா ஹைட்ராக்சி பென்சாயிக் அமிலத்தைப் புரோட்டோகேட்சுயிக் அமிலமாக்கி வேறு வழியில் திறக்கிறது. எந்த வழியில் போனாலும் கடைசியில் செல் ஆற்றல் எடுக்கும் சிட்ரிக் அமிலச் சுழற்சிதான்.

பூஞ்சைக்கு லிக்னின் வெறும் தடைச்சுவர், உள்ளே உணவாக இருக்கும் செல்லுலோஸுக்காகத்தான் அதை உடைக்கிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள், நம் கூட்டத்திலும் இதற்காகச் சிலர் விடாமல் வாதாடினார்கள். 2021-இல் வெளியான ஆய்வில் கார்பன்-13 (சற்றே கனமான கார்பன்) கொண்டு அடையாளமிட்ட பாரா ஹைட்ராக்சி பென்சாயிக் அமிலத்தை இரண்டு வெண்ணழுகல் பூஞ்சைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அந்தக் கார்பன் பூஞ்சையின் மைய வளர்சிதை மாற்றத்துக்குள்ளேயே போயிருந்தது. உடைக்க மட்டும் இல்லை, சாப்பிடவும் செய்கிறது! என்னைப் பொறுத்தவரை இந்த ஆண்டு நாம் படித்ததிலேயே பெரிய செய்தி இதுதான், புதிதாகச் சேர்ந்தவர்களும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, அடுத்த ஆண்டுக்குத் தாவரச் செல்சுவரில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது குழுவின் யோசனை. ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் அதை வனிலிக் அமிலமாக்கும், பிக்னோபோரஸ் சின்னபாரினஸ் என்ற வெண்ணழுகல் பூஞ்சை அந்த வனிலிக் அமிலத்தை வனிலா மணம் தரும் வனிலினாகவே மாற்றிவிடும். இரண்டையும் அடுத்தடுத்து வளர்த்துப் பார்க்க ஆசை. தட்டுகளைத் தினமும் பார்த்துக் குறிப்பெடுக்க ஆட்கள் தேவை, விருப்பம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்