ஜிப்பைத் திறக்கும் முன்பே வீடியோ ஓடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேருந்து நிலையங்களில் நடக்கும் இரவு நேரக் கஞ்சா சோதனையைப் பாராட்டிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சோதனையே கூடாது என்று சொல்ல வரவில்லை. கிராம நிர்வாக அலுவலராக 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தால், தலையாரியையும் அழைத்துக்கொண்டு போய் பொருளைக் கைப்பற்றியதை எழுதும் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். பொருள் பைக்குள்ளிருந்து வெளியே வருவதைக் கண்ணால் பார்த்துப் போட்ட கையெழுத்துகள் சொற்பம். பெரும்பாலும் நாங்கள் போய்ச் சேரும்போதே பொட்டலம் மேசைமேல் இருக்கும். எங்கள் முன்னிலையில் எடுத்ததாகத் தாளில் எழுதியிருக்கும். பொருள் பிடிபட்டவனுடையதாகவே இருந்திருக்கலாம். ஆனால் நான் பார்க்கவில்லையே.

போன மாதம் கல்லூரியிலிருந்து ஊருக்கு வந்த என் தங்கை மகனின் பையை ஒரு பேருந்து நிலையத்தில் போலீசார் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. "எதற்காக சார்?" என்று கேட்டதற்கு இரண்டு மணி நேரம் உட்கார வைத்திருந்தார்கள். "அவர்கள் பார்க்கலாமா மாமா?" என்று என்னிடம் கேட்டான். இத்தனை மகஜரில் கையெழுத்துப் போட்டவனுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

பார்க்கலாம், சும்மா பார்க்க முடியாது. கைது செய்தால் உடலையும் உடைமையையும் சோதிக்கலாம், எடுத்தவற்றுக்கு ரசீது தர வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 43-வது பிரிவு பொது இடத்தில் வாரண்ட் இல்லாமல் சோதிக்க அனுமதிக்கிறது. ஆனால் அந்த ஆள் குற்றம் செய்திருப்பதாக நம்பக் காரணம் இருக்க வேண்டும். இரவு பதினோரு மணிக்குப் பையோடு இறங்கியது காரணம் ஆகாது.

அதே சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, உடல் சோதனைக்கு முன் நம்மை மாஜிஸ்திரேட்டிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ அழைத்துப் போகச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் போலீசாரே நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பதும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் கையில் இருக்கும் பை உடலின் பகுதி ஆகாது என்று 2005-இல் ஓர் அபின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-இலும் அதையே உறுதி செய்தது. ஆக, சட்டைப் பைக்கு இருக்கும் காப்பு தோள் பைக்கு இல்லை. சட்டைப் பைக்குள் ஆள் அறியாமல் பொட்டலம் வைப்பதுதான் கடினம். தோள் பைக்கு ஒரு நொடி போதும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு, ஓர் இடத்தைச் சோதிப்பதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் வீடியோ எடுத்துத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாலையில் நிற்பவனின் பை 'இடம்' இல்லையே! பொருள் கிடைத்த பிறகு செல்போனை எடுத்துப் படம் பிடித்தால், பழைய மேசையும் பொட்டலமும் இனி வீடியோவில் இருக்கும், அவ்வளவுதான். பையை வாங்கும்போதே பதிவு தொடங்க வேண்டும் என்று காவல்துறைத் தலைமை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். நேர்மையாகச் சோதிக்கும் காவலருக்கும் நீதிமன்றத்தில் அதுதான் துணை.

என் பழைய நாற்காலியில் இப்போது இருக்கும் இளைஞரிடம், கையெழுத்துப் போடும் முன் வீடியோவை முதலிலிருந்து போட்டுக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். "கேட்டுப் பார்க்கிறேன் ஐயா" என்று சிரித்தார். கேட்டாரா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
நாகப்பட்டினம் மாவட்டம்