நீங்கள் கட்டும் காப்பீடு வீடு போய்ச் சேரட்டும்

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவன உரிமையாளர்களுக்கும் மனிதவளப் பிரிவினருக்கும்,

வணக்கம். பி.எஃப். பிடிக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் மாதாமாதம் நீங்கள் ஓர் ஆயுள் காப்பீடு கட்டி வருகிறீர்கள். இ.டி.எல்.ஐ. என்ற அந்தத் திட்டம் 1976 முதல் இருக்கிறது. பி.எஃப். சம்பளத்தில் அரை சதவீதம். 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மாதம் 75 ரூபாய். தொழிலாளி இதற்கு ஒரு பைசா தருவதில்லை. வேலையில் இருக்கும் காலத்தில் அவர் இறந்துபோனால், அது வேலை செய்யும் இடத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்றில்லை, குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவர் என்றால் குறைந்தது இரண்டரை லட்சம்.

இது பவர்டேபிளில் உட்கார்ந்து தைப்பவர்கள் பலருக்குத் தெரியாது. ஊரில் இருக்கும் மனைவிக்கோ அம்மாவுக்கோ தெரிய வழியே இல்லை. கேட்டுப் பெற வேண்டியவர்கள் அவர்கள்தான். அதனால்தான் இந்த மடல்.

முதலில் நாமினி. பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேரும் பையன் அம்மாவின் பெயரைக் கொடுக்கிறான். சில வருடங்களில் கல்யாணம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன் செய்த பி.எஃப். நாமினி நியமனம் அன்றோடு செல்லாது, விதியே அப்படி. இதை அவனிடம் யாரும் சொல்வதில்லை. பிறகு ஒரு துக்கம் நேர்ந்தால், அந்தப் பெண் கைக்குழந்தையோடு வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் நடக்க வேண்டியிருக்கிறது. இணையத்தில் நாமினியை மாற்றக் கால் மணி நேரம் போதும். ஆனால் ஆதாரில் இணைத்த கைப்பேசி எண் உயிரோடு இருக்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இங்கே வந்ததும் சிம் மாற்றிவிடுகிறார்கள், அங்கேதான் வேலை நின்றுபோகிறது. உங்கள் டைம் ஆபீசில் ஒருவரை வாரம் ஒரு நாள் இதற்கென உட்கார வையுங்கள். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து வைக்கும் தொழிலாளியிடம், வாழ்த்தோடு சேர்த்து இதையும் சொல்லுங்கள்.

அப்புறம், கொஞ்சம் கசப்பான விஷயம். சனிக்கிழமை கையில் கொடுக்கும் சம்பளம் ஒன்று, பி.எஃப். கணக்கில் காட்டும் சம்பளம் வேறொன்று என்ற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. காப்பீட்டுத் தொகையின் பெரும்பகுதி, கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தின் 35 மடங்கு. 15,000 காட்டினால் 5.25 லட்சம். 10,000 காட்டினால் 3.5 லட்சம். இந்த 1.75 லட்சம் வித்தியாசம் ஒரு விதவையின் கையிலிருந்து போகிறது. மனைவிக்கான ஓய்வூதியமும் அதே கணக்கைத்தான் பார்க்கிறது. தயவுசெய்து உண்மையான சம்பளத்தைக் காட்டுங்கள்.

தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் மருந்துச் சீட்டோடு முடிவதில்லை. வேலையில் நேர்ந்த விபத்தில் ஒருவர் இறந்தால் சார்ந்தோருக்கு மாத உதவித்தொகை உண்டு. தகுதியுள்ள பெண்ணுக்கு, உயிரோடிருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால், பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. இதையெல்லாம் சேரும் நாளிலேயே சொல்லிவிடலாம்.

குழந்தைகள் காப்பகம் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் குழந்தையைத் தேனியிலோ திருவாரூரிலோ பாட்டியிடம் விட்டுவிட்டு இங்கே தைத்துக்கொண்டிருக்கும் அம்மாக்கள் எத்தனை பேர் என்று உங்கள் லைனில் கேட்டுப் பாருங்கள். தனியாக நடத்தக் கட்டுப்படியாகாது என்றால் ஒரே தெருவில் உள்ள நான்கைந்து கம்பெனிகள் சேர்ந்து ஒன்று நடத்துங்கள். பொதுக் காப்பகத்துக்கு 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

வசதியுள்ள பெரிய நிறுவனங்கள் இதற்கு மேல் ஒரு குழுக் காப்பீடும் எடுக்கலாம். அதற்கு முன், இருப்பதை வீட்டுக்குச் சொல்லுங்கள். தீபாவளி போனஸ் கொடுக்கும்போது எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், மறுநாளே ஊருக்குப் போவார்கள். அந்தக் கவரோடு ஒரே ஒரு தாள் கொடுங்கள்: பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண், இ.எஸ்.ஐ. எண், நாமினி பெயர், ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தொலைபேசி எண். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடியுங்கள். வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தொழிலாளர் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு தன்னார்வலர்