மாற்றுச் சிறுநீரகத்துக்கு டாப்ளர் ஸ்கேன்: நம் மாவட்டத்திலேயே வேண்டும்

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல்வர்களுக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் வணக்கம்.

சிறுநீரக மாற்று அறுவை முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்க வாரம் ஒரு நாள் ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

என் அக்கா பென்னாகரத்தில் இருக்கிறார். சென்னையில் மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். சில மாதம் கழித்து பிரஷர் ஏறியது. இங்கே மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்களே தவிர, ஸ்கேன் பார்க்க யாரும் சொல்லவில்லை. ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) ஏறிய பிறகு சென்னைக்கு ஓடினோம். புதுச் சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி, தையல் போட்ட இடத்தருகே சுருங்கியிருந்தது. சுருங்கிய இடத்தை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்ததும் பிரஷர் இறங்கியது.

அறுவை முடிந்த முதல் சில நாட்களில் ரத்தம் உறைந்து குழாய் அடைத்தால் அங்கேயே கவனித்துக்கொள்வார்கள். இந்தச் சுருக்கமோ பெரும்பாலும் 3 மாதத்திலிருந்து 2 வருடத்துக்குள், ஆள் வீட்டில் இருக்கும்போது வருகிறது.

மாற்றுச் சிறுநீரகம் அடிவயிற்றின் ஓரத்தில், தோலுக்கு அருகிலேயே இருப்பதால் ஸ்கேனில் நன்றாகத் தெரியும். ரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் அளக்கும். தமனியில் அது வினாடிக்கு 2.5 மீட்டரைத் தாண்டினால் சுருக்கம் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். சாயம் ஏற்ற வேண்டாம், கதிர்வீச்சும் இல்லை. ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! கர்ப்பிணிகளுக்கு டாப்ளர் பார்க்கும் அதே வகை மெஷின் போதும். ஆனால் கை பழகியவர் வேண்டும். தமனி வளையும் இடத்தில் கோணம் பிசகினால் வேகமும் தப்பாக வரும். அதனால் உங்கள் ரேடியாலஜி டாக்டர்கள் சிலரை, மாற்று அறுவை நடக்கும் மருத்துவமனைகளுக்கு அனுப்பிப் பழக்குங்கள். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று ஒரு வரி போதாது. வேகத்தை எண்ணில் எழுதித் தந்தால்தான் அடுத்த முறை ஒப்பிட முடியும்.

அப்புறம், 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி பிரஷர் மாத்திரை தரும் அந்த ஊழியர்களுக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: மாற்றுச் சிறுநீரகம் வைத்தவருக்கு பிரஷர் அடங்கவில்லை என்றால் உடனே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை தொடங்கியதும் கிரியேட்டினின் எகிறினால் இன்னும் அவசரம்.

எங்களூரிலிருந்து தருமபுரிக்குக் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். எந்தக் கிழமை வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பென்னாகரத்திலிருந்து ஒரு தம்பி