பாடுகிற ஆம்ப்ளிஃபையரைத் திறக்கலாமா? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

செகண்ட் ஹாண்டில் நீ வாங்கிய இரண்டு ஆம்ப்ளிஃபையர்களின் படங்களையும் பார்த்தேன். இரண்டுமே 1970களின் கடைசியில் வந்தவை. ஒன்று நன்றாகப் பாடுகிறது. இன்னொன்றில் இடது சேனல் அவ்வப்போது போய்விட்டு வருகிறது. பாடுகிற பெட்டியைத் தொடவே வேண்டாம் என்று ஒருவர் சொன்னதாகவும், இவ்வளவு வயதானால் கண்டன்சர் அத்தனையும் மாற்றியே தீர வேண்டும் என்று இன்னொருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். இரண்டுமே மூடியைக் கழற்றாமல், மீட்டர் வைக்காமல் சொன்ன பதில்கள். சர்வீஸ் தேவையா என்பதை வயதை வைத்து முடிவு செய்யாதே. அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்.

எனக்குக் கவலை தருவது நன்றாகப் பாடும் பெட்டிதான். கோளாறு உள்ளதை நீ எப்படியும் ஜாக்கிரதையாகத்தான் கையாளுவாய். பாடுகிறதை நம்பி, உன் நல்ல ஸ்பீக்கர்களை அதில் மாட்டி வைத்திருக்கிறாய். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபையர்களில் பெரும்பாலானவற்றில் அவுட்புட் டிரான்சிஸ்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் கண்டன்சர் கிடையாது. ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் பவர் சப்ளையின் 30, 40 வோல்ட் டிசி நேராக ஸ்பீக்கருக்குள் போகும். சில நொடிகளில் அதனுள்ளே இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் கருகிவிடும். அதைத் தடுக்கத்தான் புரொடெக்‌ஷன் ரிலே இருக்கிறது என்பாய். சரி, ஆனால் அந்த ரிலேவுக்கும் அதே வயதுதான். அதை இயக்கும் சின்ன சர்க்யூட்டில் இருக்கும் கண்டன்சர்களுக்கும் அதே வயதுதான். ஆகவே முதல் வேலை, நல்ல ஸ்பீக்கர்களைக் கழற்றி ஓரமாக வை.

அடுத்து, பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்டேஜைப் படி. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்தவை 100 வோல்ட், அமெரிக்காவுக்குப் போனவை 120, மற்ற இடங்களுக்கு 220 அல்லது 240. சிலவற்றில் மாற்றிக்கொள்ள ஒரு செலக்டர் இருக்கும். முந்தைய உரிமையாளர் அதை எதில் வைத்திருந்தார் என்று ஊகிக்காதே, கண்ணால் பார். 220க்குச் செய்த பெட்டி 240இல் ஓடினால் உள்ளே எல்லா இடத்திலும் வோல்டேஜும் சூடும் கொஞ்சம் கூடும். பழைய பாகங்களுக்கு அந்தக் கொஞ்சமே பாரம்தான்.

நெடுநாள் தூங்கிய பெட்டியை முதல் முறை எழுப்பும்போது சீரிஸ் லேம்ப் வழியாக எழுப்பு. மெயின்ஸ் லைனில் தொடராக 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, இழை உள்ள பழைய ரகம். எல்இடி இதற்கு உதவாது. சுவிட்ச் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால், பவர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கண்டன்சர்கள் சார்ஜ் ஆகிவிட்டன, உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. பளிச்சென்றே நின்றால் உடனே அணைத்துவிடு. பழைய மெக்கானிக்குகள் எல்லோரிடமும் இருந்த சாதனம் இது. ஒரு ஃபியூஸ் போவதற்குள் நான்கு டிரான்சிஸ்டர் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இனி அளவெடுப்பு. ஸ்பீக்கர் இல்லாமல், வால்யூம் பூஜ்யத்தில், கால் மணி நேரம் சூடாக விடு. ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி மில்லிவோல்ட் பார், இதைத்தான் டிசி ஆஃப்செட் என்பார்கள். 50க்குள் இருந்தால் நிம்மதி. 100ஐத் தாண்டினால் ஸ்பீக்கரை மாட்டாதே, காரணத்தைத் தேடு. சில பழைய டிசைன்களில் இந்த அளவு எதையும் சொல்லாது. 1967இல் வந்த குவாட் 303 போன்றவற்றில் அவுட்புட்டிலேயே ஒரு பெரிய கண்டன்சர் உண்டு, அது டிசியை மறித்துவிடும். அங்கே அந்தக் கண்டன்சரின் நிலைமைதான் கேள்வி.

அப்புறம் பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சின்ன மின்னோட்டம். அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு நடுவே மில்லிவோல்ட் பார்க்க வேண்டும். 0.22 ஓம் ரெசிஸ்டரில் 11 மில்லிவோல்ட் வந்தால் 50 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று கணக்கு. சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்காதே. புரோப் வைக்கும்போது கை வழுக்கினால், நல்லதாக இருந்த டிரான்சிஸ்டர் அந்த நொடியிலேயே போகும். கிளிப் உள்ள புரோப்பை ஆஃப் நிலையில் மாட்டிவிட்டுப் பிறகு சுவிட்ச் போடு.

அந்த பயாஸை அமைக்கும் பிரீசெட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதத்திலேயே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிரீசெட் என்பது ஸ்க்ரூடிரைவரால் திருப்பி அளவை மாற்றும் சின்ன ரெசிஸ்டர். இங்கே இருப்பது நகத்தளவு இருக்கும் திறந்த வகை. பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் நின்று, அதன் நடுக்கால் கார்பன் தடத்தைத் தொடும் இடத்தில் ஆக்ஸைடு பிடித்திருக்கும். பல சர்க்யூட்டுகளில் அந்த நடுக்கால் தொடர்பை இழந்தால் பயாஸ் மேலே ஏறும், கீழே இறங்காது. அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் சேர்ந்து கொதித்துப் போய்விடும். ஆம்ப்ளிஃபையர் நேற்றுவரை அருமையாகப் பாடியிருக்கும், கேட்கிற காதுக்கு எந்த முன்னறிவிப்பும் இருந்திருக்காது. "பாடுகிறதே, எதற்குத் தொடுவது" என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இது ஒன்றே போதும். நான் எதையும் அளக்காமலேயே மாற்றச் சொல்வது இந்தப் பிரீசெட்டுகளைத்தான். மூடிய வகையாகப் போடு. பழையதில் இருந்த ஓம் அளவை அளந்து புதியதை அதே அளவில் வைத்துவிட்டு, பிறகு முறைப்படி அமை.

அளக்காமல் மாற்ற வேண்டியது இன்னும் ஒன்றிரண்டு உண்டு. பவர் சுவிட்சுக்குக் குறுக்கே இருக்கும் மெயின்ஸ் கண்டன்சர், மங்கலான மஞ்சள் உறைக்குள் காகிதம் சுற்றியதாக இருந்தால், உறையில் விரிசல் ஓடியிருக்கும். ஈரம் உள்ளே புகுந்து ஒருநாள் புகைந்துவிடும். மெயின்ஸுக்கென்றே உள்ள எக்ஸ்2 பாதுகாப்புத் தரத்தில் புதியது போடு. அப்புறம் அந்தப் பழுப்புப் பசை. பெரிய பாகங்கள் ஆடாமல் இருக்க அக்காலத்தில் போர்டில் தடவியது. வெளிர் நிறத்தில் இருந்தது சூட்டில் பழுத்து, மின்சாரம் கடத்த ஆரம்பிக்கும், பக்கத்தில் உள்ள கால்களையும் அரிக்கும். கண்டன்சர் ஒழுகிவிட்டது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இந்தப் பசைதான். பொறுமையாகச் சுரண்டி எடு.

மற்ற கண்டன்சர்களுக்கு வருகிறேன், உன் கேள்வியின் மையமே அதுதானே. எலக்ட்ரோலிட்டிக் வகை காய்ந்து போவது உண்மை. ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் காய்வதில்லை. இயங்கும் சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது கண்டன்சர் உலகத்தின் பழைய கணக்கு. சூட்டை வெளியேற்றும் உலோகமான ஹீட்சிங்கை ஒட்டியும், சூடான ரெசிஸ்டர் பக்கத்திலும் நிற்கும் சின்னக் கண்டன்சர்கள்தான் முதலில் போகும். முன்பக்கம் குளிர்ந்த இடத்தில் இருப்பவை அளந்தால் இன்றும் சரியாக இருக்கலாம். ஃபிலிம் வகைக் கண்டன்சர்களோ அரிதாகவே கெடும், அவற்றைக் கழற்றுவது வீண் வேலை. பெரிய ஃபில்டர் கண்டன்சர்கள் இரண்டும் வால்யூம் பூஜ்யத்திலேயே "உம்" என்ற ஹம் வந்தால், அல்லது தலை உப்பியிருந்தால் போகட்டும். மாற்றும்போது ஆசைப்பட்டு இரண்டு மூன்று மடங்கு அளவு போடாதே. சுவிட்ச் போடும் கணத்தில், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரும் சுவிட்சும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவதில் இருக்கும் ஆபத்தை யாரும் உன்னிடம் சொல்லவில்லை. அந்தக் கால போர்டுகளில் செம்புத் தடம் சீக்கிரம் உரிந்து வரும். நாற்பது ஐம்பது பாகத்தைக் கழற்றி மாட்டினால் ஓரிடத்தில் தடம் உரியும், ஓரிடத்தில் ப்ளஸ் மைனஸ் மாறும். கடைசியில் சுவிட்ச் போட்டு ஏதாவது புகைந்தால், எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்? ஸ்டீரியோவில் உனக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: ஒரே சர்க்யூட் இரண்டு முறை. ஒரு சேனலில் வேலை செய், மற்றதைத் தொடாமல் வை. ஒவ்வொரு புள்ளியிலும் வோல்டேஜை அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார். இது சரியாக முடிந்து, ஒரு வாரம் ஓடிய பிறகு அடுத்த சேனலைத் திற.

இடது சேனல் போய் வரும் பெட்டிக்கு இதெல்லாம் தேவைப்படாமலே போகலாம். மெதுவான சத்தத்தில் சேனல் போய், வால்யூமை ஏற்றினால் திரும்பி வருகிறதா? அப்படியென்றால் ரிலேயின் தொடுமுனையைச் சந்தேகப்படு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே, மேல்பூச்சு போய்விடும். அதே கால் அமைப்பில் புது ரிலே கிடைத்தால் அதைப் போடு. அதற்கும் முன்னால் டேப் மானிட்டர் சுவிட்ச், ஸ்பீக்கர் செலக்டர், பேலன்ஸ் எல்லாவற்றையும் சில முறை முழுக்கத் திருப்பிப் பார். நாட் நிறுவனத்தின் 3020 போல, ப்ரீ ஆம்ப்பிலிருந்து வெளிவரும் ப்ரீ அவுட், பவர் ஆம்ப்புக்குள் போகும் மெயின் இன் இரண்டையும் பின்பக்கம் கம்பியால் இணைத்திருக்கும் பெட்டியாக இருந்தால் அந்தக் கம்பியைக் கழற்றித் துடைத்து மாட்டு. வால்யூமில் கரகர இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடிக்கலாம், ஆனால் உள்ளே உள்ள மசகைக் கரைத்துவிடாத வகையாகப் பார்த்து வாங்கு. அடித்த பிறகு நன்றாகக் காய விடு.

இந்தக் காலகட்டப் பெட்டிகளுக்காக இவ்வளவு பாடுபடலாம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. 1974இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஆம்ப்ளிஃபையர் விளம்பரங்களில் வாட் கணக்கைச் சொல்ல விதி கொண்டுவந்தது. இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் இயங்கும்போது ஒவ்வொன்றும் தொடர்ந்து தரும் சக்தியைத்தான் சொல்ல வேண்டும். அப்போதைய விதிப்படி அளப்பதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு சக்தியில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்ற வேண்டியிருந்தது. அந்தச் சோதனையைத் தாங்கப் பெரிய ஹீட்சிங்க்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மரும் தேவைப்பட்டன. கைக்குக் கனமாகத் தெரிகிறதே, அந்தக் கனம் பெரும்பாலும் இன்றும் வேலை செய்கிற பாகங்களின் கனம்.

ஆனால் சிலவற்றை விட்டுவிடத்தான் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தால் அதே அமைப்பில் வேறு கிடைப்பது பெரும்பாடு. 70களின் நடுவில் யமஹாவும் சோனியும் சில மாடல்களில் போட்ட வி-ஃபெட் டிரான்சிஸ்டர்கள் போனால், அப்படியே ஈடாகப் போடப் புதியது இல்லை. அவுட்புட் சர்க்யூட் முழுவதும் ஒரே கட்டியாக வரும் எஸ்டிகே மாட்யூல் உள்ளவற்றில் அசல் மாட்யூல் உற்பத்தியில் இல்லை, போலிகள் ஏராளம். அசல் பவர் டிரான்சிஸ்டர் என்று விற்பவற்றிலும் போலிகள் உண்டு, ஓரளவு சத்தம் வைத்ததுமே வெடித்துவிடும். உன்னுடைய இரண்டிலும் தனித்தனி டிரான்சிஸ்டர்கள்தான் என்று படத்தில் தெரிகிறது. நல்லது, ஈடான நம்பர்கள் தேடலாம்.

மெக்கானிக்கிடம் கொடுப்பதாக இருந்தால், முதலிலும் முடிவிலும் டிசி ஆஃப்செட், பயாஸ் இரண்டையும் இரு சேனலுக்கும் எழுதித் தருவாரா என்று கேள். முகம் சுளிக்காமல் சரி என்பவரிடம் கொடு. நீயே திறப்பதாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதே, 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக இறக்கு. மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வை. வால்வ் ஆம்ப் வாங்கும் ஆசை வந்தால் முதலில் எனக்கு எழுது. அங்கே 400 வோல்ட்டுக்கு மேலும் நிற்கும், இந்தப் பழக்கம் மட்டும் போதாது.

இப்போதைக்குப் பாடுகிற பெட்டியில் டிசி ஆஃப்செட், பயாஸ் இரண்டையும் இடது வலது இரண்டுக்கும் எடுத்து, அந்த நான்கு அளவுகளையும் அனுப்பு. போர்டின் இரு பக்கமும் வெளிச்சத்தில் படம் எடு, பிரீசெட்டுகள் தெளிவாகத் தெரிய வேண்டும். அதைப் பார்த்துவிட்டு என்ன மாற்றுவது, எதை விடுவது என்று சேர்ந்தே எழுதிக்கொள்வோம்.

அன்புடன்,
அண்ணன்